முள்வேலிக்குள் தொடங்கிய பிலாட்டிஸ்

உடல், மனம் இரண்டையும் பற்றிய நம் கலந்துரையாடல் ஒளியேறிய அன்று, நிகழ்ச்சி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். இடுப்பு வலி. "ஏம்மா, பிலாட்டிஸ் பிலாட்டிஸ்னு ஒரு மணி நேரமா பேசுறீங்க. இது வசதி உள்ளவங்க, நடனம் ஆடுறவங்க செய்யிறதுதானே? எங்களை மாதிரி ஆளுக்கு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படைப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "ஆமாங்க ஐயா, நியூயார்க்கில் பாலே நடனக்காரர்களுக்காக உருவானதுதான். ஆனால் இப்போது எல்லாரும் செய்கிறார்கள்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னது தவறு. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய தவறு என்று தெரிந்தது. அந்த ஐயா கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதாது. அதனால்தான் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் என் கதையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். படப்பதிவு நாள்களில் உயர்குதி காலணியோடு ஏழெட்டு மணி நேரம் நிற்பேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இயன்மருத்துவர் ஒருவர் என்னைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றை மெல்ல உள்ளிழுத்து மூச்சு விடச் சொன்னார். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் அதையே செய்தோம். 'இதற்கா பணம் கொடுத்தோம்' என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில்தான் வயிற்றில் இத்தனை தசைகள் இருப்பதே தெரிந்தது.

நோஞ்சான் பிள்ளை

பிலாட்டிஸ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜோசப் ஹியூபெர்ட்டஸ் பிலாட்டிஸ், 1883-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், ஜெர்மனியின் மேற்கே மன்சென்கிளாட்பாக் எனும் நெசவாலை நகரத்தில் பிறந்தார். தந்தை உலோக வேலை செய்தவர். உள்ளூர் உடற்பயிற்சிச் சங்கத்திலும் ஈடுபாடு கொண்டவர். பிள்ளையோ நோஞ்சான். ஆஸ்துமா, வாதக் காய்ச்சல், எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் மூன்றும் சிறு வயதிலேயே வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரிக்கெட்ஸ் அக்காலத்து ஆலை நகரங்களின் நோய். புகை மண்டலம் வெயிலை மறைத்ததும் உணவில் சத்துக் குறைந்ததும் காரணம். வைட்டமின் டி என்ற பெயரே 1920-களில்தான் வந்தது என்பதால், அந்தக் காலத்துப் பெற்றோருக்கு அது விளங்கியிருக்க வாய்ப்பில்லை.

பள்ளியில் இன்னொரு தொல்லை. பிலாட்டிஸ் என்ற பெயர், இயேசுவுக்குத் தண்டனை கொடுத்த பொந்தியு பிலாத்துவை நினைவூட்டுமல்லவா? பெரிய பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லி அடித்தார்களாம். பையன் பதிலுக்கு உடம்பை வளர்க்க ஆரம்பித்தான். ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, பனிச்சறுக்கு, நீரில் முக்குளிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. பதினான்கு வயதில் உடற்கூறு வரைபடத்திற்கு மாதிரியாக நிற்கும் அளவுக்கு உடல் தேறிவிட்டது என்பது அவர் சொன்ன கதை. கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் அப்போது உடற்பயிற்சி என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1811-இல் பெர்லின் நகரத்தின் ஹாசன்ஹைடெ திடலில் ஃபிரெடெரிக் லுட்விக் யான் என்பவர் இளைஞர்களைத் திரட்டி, நெப்போலியனிடம் தோற்ற நாட்டை நிமிர்த்துவதற்கென்று ஒரு பயிற்சி இயக்கத்தைத் தொடங்கினார். அரசாங்கம் பயந்துபோய் 1820 முதல் 1842 வரை அதைத் தடை செய்தது. தடை நீங்கியபின் ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. அந்தச் சங்கங்களின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்தான் நம் ஜோசப்.

இருபத்து மூவாயிரம் பேர்

முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு அவர் இங்கிலாந்துக்குப் போனார். குத்துச்சண்டை, சர்க்கஸ், தற்காப்புப் பயிற்சி என்று பிழைப்பு நடந்தது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், பிரிட்டனில் இருந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். உணவக ஊழியர், முடிதிருத்துநர், ரொட்டி சுடுபவர், மாலுமி, எழுத்தர், இப்படிச் சாதாரண மக்கள். 1915 மே 7-ஆம் நாள் லூசிதானியா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தபோது லண்டனிலும் லிவர்பூலிலும் ஜெர்மானியர் கடைகள் சூறையாடப்பட்டன. போரிடும் வயதிலுள்ள ஆண்களை எல்லாம் அடைத்துவைக்க அரசாங்கம் முடிவு செய்தது.

அவர்களுக்கான மிகப் பெரிய முகாம், அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவேயுள்ள மேன் தீவில், பீல் நகரத்திற்கு அருகில் நோக்கலோ எனும் பண்ணை நிலத்தில் அமைந்தது. 1914 நவம்பரில் ஐயாயிரம் பேருக்கென்று தொடங்கியது, நிரம்பியபோது 23,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டிருந்தது. 23 வளாகங்கள். ஒவ்வொரு வளாகத்திலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்கள். மரக் குடிசை, சேறு, கடல் காற்று, முள்கம்பி. 1915-இல் இங்கே கொண்டுவரப்பட்ட ஜோசப் பிலாட்டிஸ், போர் முடிந்து 1919-இல்தான் வெளியே வந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பயிற்சியகங்களில் கொடுக்கும் வண்ணத் துண்டறிக்கைகளில் இந்த நான்கு ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் மனத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே எழுந்தது.

அடோல்ஃப் லூக்காஸ் ஃபிஷர் என்பவர் சுவிட்சர்லாந்து மருத்துவர். நடுநிலை நாட்டுக்காரர் என்பதால் போர்க்கால முகாம்களைப் பார்வையிட முடிந்தது. முகாம்வாசிகளிடம் ஒரு புது நோயைக் கண்டார். அதற்கு 'முள்கம்பி நோய்' என்று பெயரிட்டு 1918-இல் ஒரு நூலே எழுதினார். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. ஆனால் ஒரு பக்கம்கூட ஊன்றிப் படிக்க முடியாது. தெரிந்தவர் பெயர் மறந்துபோகும். பக்கத்துப் படுக்கைக்காரன் மூச்சு விடும் சத்தத்துக்கே கோபம் வரும். காரணம் என்ன? ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க முடியாதது ஒன்று. எப்போது விடுதலை என்றே தெரியாதது இன்னொன்று. சிறைக் கைதிக்காவது 'இன்னும் மூன்று ஆண்டு' என்று ஒரு கணக்கு உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. போர் என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு.

முகாம் நிர்வாகமும் இதை உணர்ந்திருந்தது. குவேக்கர் எனும் கிறிஸ்துவப் பிரிவினர் ஜேம்ஸ் பெய்லி என்ற கைவினை ஆசிரியரை அனுப்பிவைத்தார்கள். கூடை முடைதல், எலும்பில் செதுக்குதல், தச்சு வேலை என்று கைகளுக்கு வேலை கொடுத்தால் மனம் நிலைக்கும் என்று அவர் நம்பினார். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டோஷ் வரைந்து கொடுத்த மேசை நாற்காலிகளைக்கூட நோக்கலோவாசிகள் செய்து கொடுத்திருக்கிறார்கள். நாடகம், இசைக்குழு, பாடவகுப்பு எல்லாம் நடந்தன.

குத்துச்சண்டைக்காரரான ஜோசப்புக்குத் தெரிந்தது உடம்பு. அவர் தம் கூட்டாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எடை தூக்கக் கருவி இல்லை. ஓடுவதற்கு இடம் இல்லை. படுக்க ஒரு மனிதன் நீளத்துக்குத் தரை இருந்தது. மூச்சு இருந்தது. 1962-இல் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட் ஏட்டுக்கு அவர் சொன்ன கதை இது: முகாமில் மனிதர்கள் சுவரை வெறித்தபடி சோர்ந்து கிடந்தபோது, எலும்பும் தோலுமான பூனைகள் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தன. ஏன் என்று உற்றுப் பார்த்தார். வேறு வேலை இல்லாத நேரத்திலெல்லாம் பூனை உடம்பை நீட்டி நெளித்துக்கொண்டே இருந்தது. அங்கிருந்துதான் தசையை நீட்டும் பயிற்சிகளை அவர் கோக்க ஆரம்பித்தாராம். மேன் தீவின் பூனைகளுக்கு வால் இருக்காது என்பது உலகறிந்த செய்தி. வாலைப் பற்றி ஜோசப் ஒன்றும் சொல்லவில்லை.

இனி இரண்டு கதைகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாரும் சொல்கிறார்கள். ஒன்று, எழுந்து நிற்க முடியாத நோயாளிகளுக்காகக் கட்டில் சுருள்கம்பிகளைக் கழற்றிக் கட்டிலிலேயே மாட்டி அவர் பயிற்சி கொடுத்தார், பிற்காலத்துக் கருவிகளுக்கு அதுவே மூலம் என்பது. அழகான கதைதான். ஆனால் அவரும் அவர் மாணவர்களும் பிறகு சொன்னதுதான் இதற்கு ஆதாரம்.

இரண்டாவது, 1918-இல் உலகத்தையே உலுக்கிய சளிக்காய்ச்சலில் அவரிடம் பயின்றவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்பது. இதை விளம்பரத்தில் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கிருமி நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களையே அதிகம் கொன்றது. கோவிட் காலத்தைக் கண்ட நாம், பயிற்சி செய்தால் கிருமி அண்டாது என்று சொல்லலாமா?

கப்பலில் ஒரு சந்திப்பு

1919-இல் ஜெர்மனிக்குத் திரும்பியவர் சில ஆண்டுகள் ஹம்பர்க் நகரத்தில் பயிற்சி கொடுத்தார். 1926-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் கிளாரா என்ற பெண்ணைச் சந்தித்தார். வாழ்நாள் முழுதும் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். நியூயார்க்கில் எட்டாம் அவென்யூ, எண் 939-இல் அவர்களுடைய பயிற்சிக்கூடம் இருந்தது.

1927-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஒரு கருவிதான் இன்று 'ரிஃபார்மர்' என்ற பெயரில் பேரங்காடிப் பயிற்சியகங்களில் வரிசையாகப் போடப்பட்டிருக்கிறது. கட்டில் போன்ற சட்டம். அதன்மேல் சக்கரத்தில் ஓடும் ஒரு பலகை. பலகையைச் சுருள்கம்பிகள் ஒரு முனைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அதில் படுத்துக் காலால் உதைத்தால் பலகை ஓடும். உதைப்பது எளிது, திரும்பி வருவதுதான் சோதனை. கம்பி வெடுக்கென்று இழுக்கும்; அதற்கு விட்டுக்கொடுக்காமல், சத்தம் வராமல், மெல்ல மெல்லப் பலகையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கவனம் ஒரு நொடி சிதறினாலும் 'டமார்' என்று காட்டிக்கொடுத்துவிடும். எடையைத் தூக்கிப் போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடே அதுதான்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான் அவர் முதலிடம் கொடுத்தார். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் பிலாட்டிஸ் அல்ல, 'கண்ட்ராலஜி'. கட்டுப்பாட்டுக் கலை என்று சொல்லலாம். 1934-இல் ஒரு சிறு நூல் எழுதினார். 1945-இல் வில்லியம் ஜான் மில்லரோடு சேர்ந்து இரண்டாவது நூலை வெளியிட்டார். அதில் 34 பயிற்சிகள். எல்லாம் தரையில் பாய் விரித்துச் செய்பவை. கருவி ஒன்றும் வேண்டாம். உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒன்றாக இயங்குவதே தம் நோக்கம் என்று அதில் எழுதுகிறார். உடலை உருவாக்குவது மனமே என்பதற்கு ஷில்லர் என்ற ஜெர்மானியக் கவிஞரைத் துணைக்கு அழைக்கிறார்.

முதல் பயிற்சியின் பெயர் 'நூறு'. மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் சற்றே உயர்த்த வேண்டும். கால்களை நீட்டித் தரையிலிருந்து தூக்க வேண்டும். கைகளை இடுப்பின் இருபக்கமும் மேலும் கீழும் சிறிதாக அசைத்தபடி, ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுத்து ஐந்து எண்ணும் வரை விட வேண்டும். பத்துச் சுற்றில் நூறு அசைவு. சிறு வயதில் மூச்சுக்குத் தவித்தவர் என்பதால்தானோ என்னவோ, நுரையீரலில் பழைய காற்று துளியும் தங்கக்கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். ஆனால் அதே மனிதர் சுருட்டை மட்டும் விடவில்லை! பனியில் அரைக்கால் சட்டையோடு நின்று படம் எடுத்துக்கொள்வார், வாயில் சுருட்டு இருக்கும். 1967 அக்டோபரில் 83-ஆம் வயதில் அவர் இறந்தது நுரையீரல் நோயால்தான்.

நடனக்காரர்கள் வந்த கதை

சரி, நான் தொலைக்காட்சியில் சொன்ன 'நடனக்காரர்கள்' எங்கிருந்து வந்தார்கள்? அவருடைய கூடத்தைச் சுற்றி நடனப் பள்ளிகளும் அரங்குகளும் நிறைய இருந்தன. கணுக்கால் பிசகினால், முதுகு பிடித்தால், மருத்துவர் 'ஓய்வெடு' என்பார். ஓய்வெடுத்தால் நடனக்காரருக்குச் சாப்பாடு போய்விடும். ஓய்வு என்று சொல்லாமல், காயத்தைச் சுற்றி வேலை வாங்கிய ஒரே ஆள் இந்த முரட்டு ஜெர்மானியர். பாலே மேதை ஜார்ஜ் பாலன்ஷின் தம் மாணவர்களை அங்கே அனுப்பினார். அப்படிக் கணுக்கால் வலியோடு வந்தவர்தான் ரோமானா கிரிசனோவ்ஸ்கா; பிற்காலத்தில் அந்தக் கூடத்தையே ஏற்று நடத்தினார். மார்த்தா கிரகாம் போன்ற நவீன நடனக்காரர்களும் வந்து போனார்கள். ஆக, நடனக்காரர்கள் வந்தது அலங்காரத்துக்கு அல்ல. அவர்களும் உடம்பை வைத்துக் கூலி வாங்கும் தொழிலாளிகள்தான். லோரி ஓட்டிய ஐயாவுக்கும் அவர்களுக்கும் இடுப்பு ஒன்றுதானே.

ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக்காரரின் கதை என்னை உலுக்கியது. 1950-களில் அவருக்கு மார்பகப் புற்றுநோய். அக்காலத்து அறுவை சிகிச்சை மார்போடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் வெட்டி எடுக்கும். கையைத் தூக்கவே முடியாத நிலை. நடனக்காரருக்குக் கை போனால் எல்லாம் போயிற்று. ஜோசப் அவரோடு பொறுமையாக வேலை செய்தார். கை மீண்டும் மேலே எழுந்தது. மருத்துவர்களுக்குக் காட்டுவதற்காக அதைப் படச்சுருளில் பதிவும் செய்தார்கள். இருந்தும் மருத்துவ உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. தம் முறை மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் நுழைய வேண்டும் என்ற அவர் ஆசை கடைசிவரை நிறைவேறவில்லை. தாம் ஐம்பது ஆண்டு முன்னால் வந்துவிட்டவர் என்று சொல்லிக்கொள்வாராம்.

வாரிசு என்று யாரையும் அவர் அமர்த்திவிட்டுப் போகவில்லை. கிளாரா இன்னும் பத்து ஆண்டுகள், 1977 வரை இருந்தார். கணவரைவிடப் பொறுமையான ஆசிரியை என்று மாணவர்கள் சொல்வார்கள், ஆனால் நூல்களின் அட்டையில் அவர் பெயர் இல்லை. கரோலா டிரையர், கேத்தி கிராண்ட், லொலிட்டா சான் மிகேல் என்று மாணவர்கள் தனித்தனியே தொடர்ந்தார்கள். ரான் ஃபிளெட்சர் 1970-களின் தொடக்கத்தில் அதை பெவர்லி ஹில்ஸுக்குக் கொண்டுபோனார். சினிமா நட்சத்திரங்கள் வந்தார்கள். நட்சத்திரங்கள் வந்ததும் பத்திரிகைகளும் வந்தன. என் காதில் விழுந்த 'வசதி உள்ளவங்க' என்ற சொல்லுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1980-இல் ஃபிலிப் ஃபிரீட்மன், கெயில் ஐசன் இருவரும் எழுதிய நூல்தான் மையம், ஒருமுகம், கட்டுப்பாடு, துல்லியம், மூச்சு, ஓட்டம் என்று ஆறு அடிப்படைகளை வகுத்துக் கொடுத்தது. இன்று எந்த வகுப்பிலும் முதல் நாளே இதைச் சொல்லித் தருவார்கள். பலர் இதை ஜோசப் சொன்னதாகவே நினைக்கிறார்கள்.

"இது நம்ம யோகாதானே?"

என் அம்மா கேட்ட கேள்வி இது. நான் பாயில் படுத்துக் காலைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் நம்ம யோகாவ எடுத்து வேற பேர் வச்சுட்டான்" என்று முடிவே கட்டிவிட்டார். நம்மவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் வரலாறு அவ்வளவு சுலபமாக இல்லை.

பிரஷியாவில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலி 1904-05-இல் இந்தியா முழுதும் சுற்றி உடற்கட்டுக் காட்சிகள் நடத்தினார். கூட்டம் அலைமோதியது. அவர் போனபின் இந்திய நகரங்களில் புதுப் பயிற்சிக்கூடங்கள் எழுந்தன. ஐரோப்பிய உடற்பயிற்சியும் இந்திய ஆசனங்களும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் அது. இன்று நாம் வகுப்புகளில் செய்யும் யோகாவின் வடிவத்தில் அந்தக் காலத்தின் கைவண்ணம் எவ்வளவு என்று 2010-இல் மார்க் சிங்கிள்டன் ஒரு நூல் எழுதிப் பெரிய விவாதத்தையே கிளப்பினார். பிலாட்டிஸும் அதே காலத்துப் பிள்ளை. தாயாதிகள் என்று சொல்லலாம். அம்மாவுக்கு நான் சொன்ன பதில்: யோகாவில் ஓர் ஆசனத்தில் நிலைத்து நிற்பது முக்கியம், இதில் நிற்காமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா, "ரெண்டுலயும் மூச்சுதானே" என்றார். அதை மறுக்க முடியவில்லை.

பெயர் யாருடையது?

1992-இல் நியூயார்க்கில் ஓர் இயன்மருத்துவர் 'பிலாட்டிஸ்' என்ற வணிகச் சின்னத்தை விலைக்கு வாங்கினார். பிறகு, தம் அனுமதி இல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று பயிற்றுநர்களுக்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பத் தொடங்கினார். ஜோசப்பின் காலடியில் உட்கார்ந்து கற்றவர்களும் அவர் பெயரைச் சொல்ல முடியாத நிலை. கடைசியில் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டார்கள். மன்ஹாட்டன் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி மிரியம் செடர்பாம் விசாரித்தார்.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பிலாட்டிஸ் என்பது ஒரு பயிற்சி முறையின் பொதுப் பெயர், யோகா, கராத்தே போல. அதைச் சொல்லாமல் அந்தத் தொழிலை விவரிக்கவே முடியாது. எனவே யாரும் அதைத் தனியுடைமையாக வைத்துக்கொள்ள முடியாது. சின்னம் ரத்து. உலகம் முழுதும் வகுப்புகள் பெருகியது இதற்குப் பிறகுதான். இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. பெயர் எல்லாருக்கும் சொந்தம் என்றானபின், பல ஆண்டுகள் பயின்றவரும் வார இறுதியில் இரண்டு நாள் பயின்றவரும் ஒரே பலகையை வாசலில் மாட்டலாம். சேருமுன் பயிற்றுநர் எங்கே, எத்தனை காலம் கற்றார் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மருத்துவம் என்ன சொல்கிறது? 1996-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாம் கையை உயர்த்த நினைத்த உடனே, கை அசைவதற்கு முன்பே, வயிற்றின் ஆழத்தில் இடுப்பைச் சுற்றியுள்ள ஒரு தசை இறுகி முதுகைத் தாங்குகிறது. இடுப்பு வலிக்காரர்களிடம் அந்தத் தசை தாமதமாக வேலை செய்தது. இயன்மருத்துவர்கள் பிலாட்டிஸைத் திரும்பிப் பார்க்க இது ஒரு காரணம். ஆனால் அந்த ஒரு தசைதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற எண்ணம் பின்னர் தளர்ந்துவிட்டது. 2015-இல் கொக்ரேன் அமைப்பு, 510 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சும்மா இருப்பதைவிடப் பிலாட்டிஸ் செய்தால் இடுப்பு வலி குறைய வாய்ப்பு அதிகம் என்றது. மற்றப் பயிற்சிகளைவிட இது மேலானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னது. நான் மதிக்கும் நேர்மை அது. 'அற்புதம்' என்று விற்பவர்களிடம் இந்த இரண்டாவது வரியைக் கேட்க முடியாது.

நிலையத்தில் அந்த ஐயாவின் தொலைபேசி எண் பதிவாகியிருந்தது. சென்ற வியாழக்கிழமை அழைத்தேன். நான் சொன்னது தவறு என்றேன். முள்வேலிக்குள் அடைபட்ட ரொட்டிக்காரர்களுக்கும் மாலுமிகளுக்கும் ஒரு குத்துச்சண்டைக்காரர் தரையில் சொல்லிக்கொடுத்தது, கருவிக்குப் பணம் கட்டத் தேவையில்லை, ஒரு பாய் போதும் என்றேன். காலில் மரத்துப்போகும் உணர்வு இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

"பாய் வீட்டுல இருக்கும்மா," என்றார். "படுக்கிறதும் பிரச்சினை இல்ல. படுத்தா எந்திரிக்கத்தான் ஒரு ஆள் வேணும். நாற்காலியில உட்கார்ந்து செய்யிற மாதிரி ஏதாவது இருக்கா?"

ஜோசப் நாற்காலி வடிவத்திலும் ஒரு கருவி செய்திருந்தார், அது வேறு. ஐயா கேட்பது சாதாரண நாற்காலி. என் இயன்மருத்துவரிடம் கேட்டேன். இருக்கிறது, நேரில் வந்து செய்து காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த அங்கத்தில் கடைசிப் பத்து நிமிடம் அதற்கே ஒதுக்க வேண்டும் என்று படைப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.